மிளகுக்குக் குளியல், சுவருக்கு வைத்தியம்

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எண்ண ஆரம்பித்தேன். முடிக்கும்போது மணி ஒன்பதே முக்கால். நாயின் உடம்பில் மொத்தம் 43 உண்ணிகள். வலது காதுமடலுக்குள் 11, இடது காதில் 6, கழுத்துப்பட்டைக்கு அடியில் 9, மீதியெல்லாம் கால் விரலிடுக்கிலும் அக்குளிலும் வாலுக்கு அடியிலும். சில எள்ளளவு, சில ஊதிப்போய்ச் சாம்பல் நிறத்தில், ஆமணக்கு விதையைக் கொண்டுவந்து ஒட்டவைத்தது போல. ஆமணக்கின் தாவரவியல் பெயர் ரிசினஸ். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு உண்ணி என்றுதான் பொருள். பெயர் வைத்தவர் வீட்டிலும் நாய் இருந்திருக்க வேண்டும்.

மிளகு எங்கள் வீட்டு நாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில் எங்கள் படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கியவள், மழை விட்ட பிறகும் போக மறுத்துவிட்டாள். கறுப்பு நிறம், நாட்டு நாய், 14 கிலோ. எடையை எப்படிப் பார்த்தேன் என்று கேட்பவர்களுக்கு: அவளைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறினேன், பிறகு தனியாக ஏறினேன், கழித்தேன். நாய்க்கு எந்த மருந்தையும் எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அதனால் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 14 என்று பெரிதாக எழுதிவைத்தேன்.

வீடு பெரம்பூரில், தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரைச் சுவர். பின்கட்டில் துவைகல், ஒரு முருங்கை, ஒரு வேப்பமரம். அந்த வேப்பமரம் இருக்கும்வரை மருந்துக் கடைக்குப் போவது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு என்பது அம்மாவின் கொள்கை. நானும் ஏறக்குறைய அதே கட்சிதான். எனக்கு வந்த அம்மை, சிரங்கு, சளி எல்லாவற்றையும் அம்மா அஞ்சறைப் பெட்டியையும் பின்கட்டையும் வைத்தே சமாளித்தவர். நாய்க்கு மட்டும் ஏன் முடியாது?

அன்றைக்கு உண்ணிகளை எண்ணினேனே தவிரப் பிடுங்கவில்லை. "பிடுங்கிவிட்டால் மருந்து கேட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்?" என்றார் அம்மா. நியாயமான கேள்வியாகத்தான் அப்போது பட்டது.

முதல் மருந்து வேப்பிலைத் தண்ணீர். நான்கு கைப்பிடி இலையை ஐந்து லிட்டர் தண்ணீரில் போட்டு, பச்சை இறங்கிப் பழுப்பேறும் வரை கொதிக்கவைத்து, முழுக்க ஆறிய பிறகு பழைய வேட்டியில் வடிகட்டினேன். சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டிய பின் இதைத் தலையை விட்டுவிட்டு உடம்பெங்கும் ஊற்ற வேண்டும் என்பது திட்டம். சீயக்காயில் திட்டம் தடம் புரண்டது. கண்ணில் ஒரு சொட்டுப் பட்டதும் மிளகு உதறிய உதறலில் அம்மாவும் நானும் துவைகல்லும் சீயக்காய் பூசிக்கொண்டோம். மறுமுறை சீயக்காய் வேண்டாமென்று விட்டுவிட்டேன். என் ஷாம்பூவையும் எடுக்கவில்லை. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நமக்கென்று செய்த சோப்பு அதன் தோலை வறளவைத்து அரிப்பைக் கூட்டிவிடும். வெறும் தண்ணீரில் அலசி, மேலே வேப்பிலைத் தண்ணீரை ஊற்றி, துடைக்காமல் நிழலில் உலரவிட்டேன்.

மறுநாள் எண்ணிக்கை 38. குறைந்த ஐந்தும் குளிக்கும்போது தேய்த்ததில் உதிர்ந்தவையாக இருக்கும். மற்றவை வேப்பிலைத் தண்ணீரில் குளித்துவிட்டு இன்னும் சுத்தமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மிளகின் சொறிதல் அன்று இரவு பாதியாகக் குறைந்தது. தோலுக்கு அது இதமாக இருந்திருக்கிறது. உண்ணிக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை வேப்பெண்ணெய். ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்குப் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெய். வாசனை தெருமுனை வரை போனது. பஞ்சில் தொட்டு, கை எட்டும் உண்ணிகள் மேலெல்லாம் வைத்தேன். நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு விஷயம் நாயின் நாக்கு. மாட்டுக்கும் மனிதனுக்கும் எழுதிய எல்லா மேல்பூச்சு வைத்தியமும் நாய்க்கு வரும்போது உள்மருந்தாகிவிடுகிறது, ஏனென்றால் பூசிய ஐந்தாவது நிமிடத்தில் அது நக்கி முடித்துவிடும். மிளகு இரவு பதினொரு மணிக்கு மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தாள். வேப்பெண்ணெய் அதிகமாக வயிற்றுக்குள் போனால் நாய்க்கு ஆகாது என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்து அருகம்புல்லைத் தேடிப் போய் மென்றுவிட்டுச் சரியாகிவிட்டாள். அடுத்த ஞாயிறு எண்ணிக்கை 29.

அந்த வாரத்தில் தெருவே வைத்தியசாலை ஆகியிருந்தது. மூலையில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் பைக்கில் இருந்து வடித்த பழைய ஆயிலை ஒரு டப்பாவில் கொடுத்தார். "இதைத் தடவுங்கள் தம்பி, சொறி, உண்ணி, எல்லாம் மூன்று நாளில் போய்விடும்." சென்னைத் தெருவில் கறுப்பு எண்ணெய் பூசிய நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணெயில் தேய்மான உலோகத் துகளும் எரிந்த எச்சமும் இருக்கும். தோலைப் பொசுக்கும், நக்கினால் ஈரலைப் பிடிக்கும். அண்ணனின் மனது நோகாமல் டப்பாவை வாங்கிக் கதவுக் கீலுக்குப் போட்டுக்கொண்டேன். இன்னொருவர் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசச் சொன்னார். வேறொருவர் புகையிலைத் தண்ணீர். மூன்றாமவர் படுக்கைக்கு அடியில் அந்துருண்டை. மூன்றும் நாய்க்கு விஷம். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போய் வலிப்பைக்கூட வரவழைக்கும்.

திங்கட்கிழமை பொறுமை போய்விட்டது. புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதில் சூட்சுமம் ஒன்றுதான்: உண்ணியின் வயிற்றைப் பிடிக்கக் கூடாது, தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், ஒரே சீராக நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் வேண்டாம். தொந்தரவு பட்ட உண்ணி வயிற்றில் இருப்பதைப் புண்ணுக்குள்ளேயே கக்கும். பிடுங்கியதை நகத்தில் நசுக்கும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. அந்த ரத்தத்தில் இருக்கும் கிருமி விரல் கீறல் வழியாக நமக்கும் வரலாம். ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் போதும். இரண்டு மணி நேரத்தில் மிளகின் உடம்பில் எண்ணிக்கை 0. டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார்; முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழன் காலை 17.

அந்த மூன்று நாளும் மிளகு வாசலைத் தாண்டவில்லை. எனக்குக் கால் வலி, அவளை நடக்கக் கூட்டிப்போகவில்லை. அப்படியானால் 17 எங்கிருந்து வந்தது?

பதில் அம்மாவின் மருந்துக் குறிப்பிலேயே இருந்தது. மாட்டு உண்ணிக்கு மரபுசார் மூலிகை வைத்தியத்தில் ஒரு கலவை பிரபலம். பூண்டு பத்துப் பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டித் தெளிக்க வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் மாடு வைத்திருக்கும் சித்தப்பா இதை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்ல, அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். ரயில் பாதையோரம் போய் உண்ணிச்செடி பறித்துவரும் அளவுக்கு நான் தயாராகிவிட்டேன். பிறகுதான் பூண்டு உறுத்தியது. வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும். உண்ணிச்செடி இலை ஆடுமாடுகளுக்கே ஈரலைக் கெடுக்கும். இங்கேயும் அதே நாக்குப் பிரச்சினை. மீண்டும் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "நாய்க்கா? நாய்க்கு நான் போட்டதில்லை," என்றவர், போகிற போக்கில் கேட்டார்: "கொட்டகைச் சுவர் விரிசலில் அடித்தீர்களா?"

அந்த வரி காலண்டர் தாளில் இருந்தது. கடைசி வரி, மடிப்புக்குக் கீழே. சாமான் பட்டியலை மட்டும் படித்துவிட்டு விரிசலை விட்டிருக்கிறோம்.

நம் வீட்டு நாய்களில் ஏறும் பழுப்பு உண்ணிக்கு நாயின் மீது நிரந்தரக் குடியிருப்பு கிடையாது. சாப்பிட வரும், சாப்பிட்டதும் இறங்கிவிடும். குஞ்சாக, ஆறு காலோடு, ஒருமுறை ஏறி ரத்தம் குடித்து விழும். எங்கேயாவது இடுக்கில் தோலுரித்து எட்டுக் காலோடு இரண்டாம் முறை ஏறும். மறுபடி விழுந்து, வளர்ந்த உண்ணியாக மூன்றாம் முறை. ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்தால் தரையில் தங்காது, சுவரில் மேலே ஏறும். ஏதோ ஒரு விரிசலில் நுழைந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். பட்டினியோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றால் முடியும். நான் நாயைக் கழுவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவை சுவரில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

டார்ச் விளக்கோடு இறங்கினேன். மிளகு படுக்கும் மூலையில் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி. பழைய ஸ்க்ரூடிரைவரால் கிளறியதும் காரைத் தூளோடு பழுப்பு நிறக் கொத்து ஒன்று உதிர்ந்தது. கசகசாவை வறுத்துக் கட்டியாக ஒட்டவைத்தது போல. பக்கத்தில் சுருங்கிக் காய்ந்த ஒரு தாய் உண்ணி. அப்படி எட்டு இடம். மேலே பார்த்தால், உத்தரக் கட்டைக்குக் கீழே, என் தலைக்கு ஓர் அடி மேலே, மூன்று ஊதிய உண்ணிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இத்தனை நாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடித்திருக்கிறேன்.

சுவர் வேலை இரண்டு வார இறுதி பிடித்தது. முதலில் மிளகின் சாக்குப்படுக்கை. சாக்கின் பின்னலே உண்ணிக்கு ஆயிரம் அறை கொண்ட விடுதி. அதைக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். பதிலாக அம்மாவின் பழைய நூல் புடவைகள் இரண்டு. ஒன்று கொதிநீரில் ஊறும்போது மற்றது படுக்கையில். வாரம் இரண்டு முறை மாற்று. அடுத்தது தரை. துவைகல்லைச் சுற்றியும் சிமென்டுத் தரை இணைப்புகளிலும் அண்டாவில் கொதிக்கவைத்த தண்ணீரைக் கெட்டிலால் மெல்ல ஊற்றினேன். மிளகை மாடியில் கட்டிவிட்டு. கொதிநீர் பட்ட இடத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை, ஆனால் சுவரில் அது நிற்காது. சுவருக்கு நெருப்பு காட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்து, சமையல் எரிவாயுத் துப்பாக்கியைக் கடன் வாங்கிக் கதவு நிலையைக் கருக்கியது தனிக்கதை. அந்தக் கரி இன்னும் இருக்கிறது. காட்டச் சொல்லி அம்மா விருந்தாளிகளை அழைத்துப் போகிறார்.

மூலிகைக் கலவையை வீணாக்கவில்லை. பூண்டும் உண்ணிச்செடியும் சேர்த்து முழுப் பக்குவமாக அரைத்து, வடிகட்டி, செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பானில் ஊற்றி விரிசல்களுக்குள் மட்டும் அடித்தேன். அது காயும்வரை நாய்க்கு அந்தப் பக்கம் அனுமதி இல்லை. விளைவு? விரிசலில் இருந்து சில உண்ணிகள் வெளியே வந்து நடந்தன. அவற்றை ஒட்டும் நாடாவால் எடுத்தேன். கொன்றதா, வாசனை பிடிக்காமல் வெளியேறினவா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உருப்படியாக நடந்தது அடைப்பு வேலை. எதிர்ச் சந்தில் இருக்கும் கொத்தனாரிடம் கேட்டேன். சிறு வேலைக்கு வர அவருக்கு நேரமில்லை, ஆனால் வழி சொன்னார்: "தூசி எடுக்காமல் பூசாதீர்கள், ஒரு மாதத்தில் பெயர்ந்து வரும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, அகல விரிசலுக்கு மணல் கலந்த சிமென்டு, மயிரிழைக்கு வெள்ளை சிமென்டு." அப்படியே செய்தேன். கதவு நிலையின் இடைவெளி, மின்கம்பிக் குழாய் நுழையும் ஓட்டை, ஆணி பிடுங்கிய துளைகள், உத்தரத்தின் அடி. கடைசியாக மூன்று சுவருக்கும் இரண்டு கை கிளிஞ்சல் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு உண்ணியைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். அது செய்தது வேறு. வெள்ளைச் சுவரில் உண்ணி தெரிந்தது. பாசி படர்ந்த பழைய சுவரில் கண்ணுக்கே அகப்படாதது இப்போது மூன்றடி தூரத்தில் இருந்தே புள்ளியாகத் தெரியும். காலையும் மாலையும் ஒரு சுற்று, கையில் ஒட்டும் நாடா. முதல் வாரம் சுவரில் மட்டும் 22 பிடித்தேன். மிளகின் உடம்பில் 6.

அந்தக் குறிப்பை எழுதிய கையோடு மிளகு சாப்பிடுவதை நிறுத்தினாள்.

ஜூன் கடைசி வாரம். கருவாட்டுக்கே தலை தூக்கவில்லை என்றபோது வெப்பமானியை எடுத்தேன். தேய்ந்த வாசல் திண்ணையில் படுக்கவைத்து, வெப்பமானி முனையில் வாஸ்லின் தடவி, ஆசனவாய் வழியாக. மூக்கைத் தொட்டுப் பார்ப்பதெல்லாம் காய்ச்சல் கணக்கில் சேராது. நாயின் இயல்பான உடல் வெப்பம் நம்மைவிடக் கூடுதல், 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை. மிளகுக்கு 104.4. உதட்டைத் தூக்கினால் ஈறு வெளிறியிருந்தது. வயிற்றின் முடியில்லாத பகுதியில் கொசு கடித்தது போலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள்.

அம்மா நிலவேம்பைக் கையில் எடுத்தார். அடுத்த வீட்டு அக்கா பப்பாளி இலையோடு வந்துவிட்டார். அவர் மகனுக்கு டெங்கு வந்தபோது அதைத்தான் கொடுத்தார்களாம். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. காலையில் சீக்கிரம் போனால்தான் வரிசை குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சீக்கிரம் வந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஓர் ஆடு, கிளிக் கூண்டு ஒன்று, முகத்தில் கட்டுப் போட்ட ராஜபாளையம் ஒன்று.

ரத்தம் உறைய உதவும் தட்டணு 52 ஆயிரம். நாய்க்கு இயல்பாக 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெள்ளணுவுக்குள் குடியேறும் எர்லிக்கியா என்ற கிருமி. உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு இறங்கி, ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலாக வெளிப்படும். மருத்துவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "உண்ணியை எப்போது பார்த்தீர்கள்? எப்போது எடுத்தீர்கள்?" இரண்டு தேதிக்கும் நடுவே எட்டு நாள். மருந்து கேட்டதா என்று பார்ப்பதற்காக 43 உண்ணிகளை அப்படியே விட்டுவைத்த எட்டு நாள். அந்த நாட்களில்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. குறிப்பேட்டை நான் அவரிடம் காட்டவில்லை.

மருந்து டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 28 நாள். அளவை மருத்துவர் எடையைக் கேட்டு எழுதினார். 14 என்று உடனே சொன்னேன், என் குறிப்பேட்டால் விளைந்த ஒரே நன்மை. வீட்டு வைத்தியம் இந்த மருந்தோடு மோதிய இடமும் உண்டு. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். விழுங்கியதும் தண்ணீர் குடிக்காவிட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சரி, உணவோடு கொடுப்போம் என்று அம்மா தயிர்ச் சாதத்துக்குள் உருட்டி வைத்தார். பால் பொருட்களில் உள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். எங்கள் வீட்டில் நாய் என்றால் தயிர்ச் சாதம், தயிர்ச் சாதம் என்றால் நாய். அந்த மரபை 28 நாள் நிறுத்திவைத்து, மாத்திரையை அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் புதைத்தோம். தயிர் மதியத்துக்குத் தள்ளிப்போனது.

மருந்துச் சீட்டின் மூன்றாவது வரியைப் படித்துவிட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விட முடியாது. பப்பாளி இலைச் சாறு சிரப். மருத்துவர் கைப்பட எழுதியது. டாக்ஸிசைக்ளினுக்குத் துணையாகத்தான், அதற்குப் பதிலாக இல்லை என்று நான் மூன்று முறை சொன்னேன். அக்கா வீட்டுக்குச் செய்தி போனபோது "துணையாக" என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

நான்காவது நாள் காய்ச்சல் விட்டது, வயிறு கெட்டது. இங்கே அம்மாவின் ராஜ்ஜியம். பச்சரிசியை நான்கு மடங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, தோலும் எலும்பும் நீக்கிய கோழியை உப்பில்லாமல் அவித்துப் பிய்த்துப்போட்டு, இரண்டு கரண்டி மஞ்சள் பூசணி மசித்துச் சேர்ப்பது. ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை. மூன்றாம் நாள் மலம் கட்டிப்பட்டது. வளர்ந்த, தெம்பாக இருக்கும் நாய்க்கு ஒரு நாள் பேதி என்றால் இன்றும் நான் இதைத்தான் செய்வேன். குட்டி நாய் வாந்தியோடு ரத்தமாகப் பேதி போனால் கஞ்சி அடுப்பையே பற்றவைக்க மாட்டேன். அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருந்தால் ஒரு வேளைத் தாமதமும் அதிகம்.

இதே சமயத்தில் சமையலறையில் ஒரு தணிக்கையும் நடந்தது. மிச்சமான சாம்பார்ச் சாதம் மிளகுக்குப் போவது வழக்கம். சாம்பாரில் சின்ன வெங்காயம். ஒரு வேளையில் ஒன்றும் ஆகிவிடாது. நாள்தோறும் சேர்ந்தால் ரத்தச் சோகையில் கொண்டுபோய் விடும், அதுவும் ஏற்கெனவே வெளிறிய ஈறுள்ள நாய்க்கு. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தை அழிக்கும் என்பது பல காலமாகத் தெரிந்தது. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியில் அது ஏராளம், புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானது பதிவாகியிருக்கிறது. புளியும் வெங்காயமும் இல்லாமல் எங்கள் வீட்டில் என்ன மிஞ்சும் என்று அம்மா கேட்டார். தயிர்ச் சாதம் மிஞ்சியது.

உண்ணி கடித்த இடங்களில் ஒன்று, இடது தொடையில், அவள் கடித்துக் கடித்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்ணாகியிருந்தது. அதற்கு நான் செய்தது: சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்து, துணியை நனைத்து ஐந்து நிமிடம் ஒற்றுவது. ஒரு நாளைக்கு மூன்று முறை. ஈரம் காய்ந்ததும் மேலே மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய், மெல்லிய பூச்சு. நக்காமல் இருக்க என் பழைய பனியனைப் பின்பக்கமாகப் போட்டு வாலுக்கு ஓட்டை விட்டேன். ஆறு நாளில் காய்ந்தது. மஞ்சளா, உப்புத் தண்ணீரா என்றால் என் ஓட்டு உப்புத் தண்ணீருக்கும் பனியனுக்கும். தரை, புடவை, பனியன், நான், எல்லாம் மஞ்சளானோம். அக்கா கொண்டுவந்த குப்பைமேனியை அரைத்துப் பூசலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர். வேரைப் பிடுங்கினால் பூனை வந்து புரளும். அன்று மாலையே இரண்டு தெருப்பூனைகள் எங்கள் பின்கட்டில். காய்ச்சலில் கிடந்த மிளகு முதன்முறையாக எழுந்து குரைத்தாள். அந்த அளவில் குப்பைமேனி வேலை செய்தது.

காது பற்றி இரண்டு வரி. நவம்பர் மழையில் வலது காதில் பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும். பூண்டு காய்ச்சிய எண்ணெயைச் சூடாகச் சொட்டுவிடும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குப் போகும். மடலை மட்டும் பஞ்சால் துடைத்துவிட்டு வேப்பேரிக்கே போனேன். பூஞ்சை. பத்து நாள் சொட்டு மருந்து.

உண்ணிக்கான மாத்திரையையும் ஜூலையிலேயே தொடங்கிவிட்டேன். மாதம் ஒன்று, மென்று தின்னும் வகை. வலிப்பு வந்த வரலாறு உண்டா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மருத்துவர் எழுதினார். அப்படிப்பட்ட நாய்களுக்கு இந்த வகை மருந்தில் எச்சரிக்கை தேவை. விலை எனக்குக் கசந்தது, மிளகுக்கு இனித்தது. இதன் வேலையே விநோதம்: உண்ணி ஏறும், கடிக்கும், ஓரிரு நாளில் செத்துவிடும். சுவரில் மிச்சமிருந்த முட்டைகள் பொரித்துப் பொரித்து ஏற, மிளகே பொறியாகிவிட்டாள். முதல் இரண்டு மாதம் புதிது புதிதாகப் பார்த்து, மாத்திரை பொய்யோ என்று சந்தேகப்பட்டேன். எல்லாம் காய்ந்து உதிர்ந்தன. செப்டம்பரில் தட்டணு 2 லட்சத்து 40 ஆயிரம்.

வேப்பிலைத் தண்ணீர் நிற்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு காலை, சீயக்காய் இல்லாமல். அம்மா ஊற்ற, மிளகு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். கோடையில் தோல் தடித்துச் சொறிவது முன்பைவிடக் குறைவு என்று எனக்கும் படுகிறது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

பொங்கலுக்குச் சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்தேன். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்க, புட்டியை வெயிலில் வைத்துவிட்டு இடுக்கியோடு உட்கார்ந்தேன். குறிப்பேட்டின் கடைசி வரி: வலது காது 0, இடது காது 0, விரலிடுக்கு 0, அக்குள் 0, வால் 0, கழுத்துப்பட்டைக்கு அடியில் 1, செத்தது. சுவரில் 1, உயிரோடு, மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன்.